மூன்று வருட வாரண்டி

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் மெக்கானிக் மல்டிமீட்டரை எடுக்கமாட்டார். டார்ச்சை அடித்து, ப்ராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் குட்டி உருளைகளின் தலையைத்தான் முதலில் பார்ப்பார். தலை தட்டையாக இருந்தால் ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்க்கலாம். உப்பியிருந்தால், அல்லது தலையில் காப்பிக் கறை மாதிரி ஏதாவது வழிந்து காய்ந்திருந்தால், "கெப்பாசிட்டர் போயிடுச்சு சார், போர்டு அவ்ளோதான்." 2002க்குப் பிறகான ஏழெட்டு வருடங்களில் திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் நிறையப் பேர் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "வாரண்டி இருக்கா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அது தைவானில் தொடங்கி, ரிச்சி தெரு வழியாக, மெயின் லைன் ரயிலில் ஏறி நம்ம ஊருக்கு வருகிறது.

மலிவு மதர்போர்டின் வரலாற்றை ஒரு மோசடியிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1990களின் நடுவில், 486 ப்ராசஸர் காலத்தில், கேஷ் மெமரி விலை அதிகம். பிசிசிப்ஸ் என்ற தைவான் நிறுவனத்தின் சில போர்டுகளில் கேஷ் சிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. உள்ளே ஒன்றுமே கிடையாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மட்டும் திரையில் கேஷ் இருப்பதாகக் காட்டும். அதற்கேற்ப பயாஸை மாற்றி எழுதியிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. இன்டெலின் பிரபல சிப்செட் பெயர்களுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி 'டிஎக்ஸ் ப்ரோ', 'பிஎக்ஸ் டூ' என்றெல்லாம் வேறு கம்பெனி சிப்களின் மேல் பெயர் அச்சடித்து விற்றார்கள். இதே நிறுவனத்தின் போர்டுகள் உலகம் முழுக்க டஜன் கணக்கான பெயர்களில் போயின. 2005இல் இசிஎஸ் என்ற இன்னொரு தைவான் நிறுவனத்தோடு அது இணைந்துவிட்டது.

இந்தியாவில் இந்த வகைப் போர்டுகளை நாம் அறிந்தது பெரும்பாலும் மெர்குரி என்ற பெயரில். கோபியன் என்ற நிறுவனத்தின் பிராண்டு அது. மெர்குரி போர்டு ஒன்றுக்கு டிரைவர் தேடிப் போனால் கடைசியில் பிசிசிப்ஸ் அல்லது இசிஎஸ் மாடல் எண்ணில் போய் நிற்கிற அனுபவம் அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்குப் பழக்கம். ஒரே போர்டு, அட்டைப்பெட்டி மட்டும் வேறு. இதில் தவறு ஒன்றுமில்லை, நம் ஊர் பிஸ்கட்டிலும் சோப்பிலும் நடப்பதுதான். ஆனால் வாரண்டி என்று வரும்போது இந்தப் பெட்டி மாற்றம் முக்கியமாகிறது. போர்டைச் செய்தவருக்கு உங்களைத் தெரியாது. பெட்டியில் பெயர் போட்டவர் செய்யவில்லை. உங்களுக்கு விற்றவர் இருவரையும் பார்த்ததில்லை.

இந்தியா 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கணினி பாகங்களின் மேலான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005 வாக்கில் பெரும்பாலானவற்றுக்குப் பூஜ்யமானது. ரேடியோ பாகங்களுக்குப் பெயர்போன ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் கம்ப்யூட்டர் சந்தையாக மாறி வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். ஜீப்ரானிக்ஸ் என்று நமக்குத் தெரிந்த பிராண்டின் தாய் நிறுவனமான டாப் நாட்ச் இன்ஃபோட்ரானிக்ஸ் தொடங்கப்பட்டதும் அதே 1997இல், அதே சென்னையில். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் போர்டை மாற்றி எழுதி கம்ப்யூட்டர் சென்டர்களாயின. கவரைப்பேட்டைப் பக்கம் இன்ஜினியரிங் கல்லூரி வந்தது. சிப்காட் கம்பெனிகளின் கேட்டில் எடை மேடைக்கு ஒரு கம்ப்யூட்டர், டைம் ஆபீஸில் ஒன்று, அக்கவுன்ட்ஸில் ஒன்று. இதில் பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரிய கம்பெனிகள் மட்டும். மற்றவர்கள் எல்லாம் தெரிந்த பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி லோக்கலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வரை போய், அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தோ ஆட்டோவிலோ போய், பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டியவர்கள்.

அந்தப் பையன் பட்ஜெட் போடும்போது ப்ராசஸரில் கை வைக்கமாட்டான். அதன் பெயரைச் சொல்லித்தான் பெருமை. ரேமிலும் ஹார்டு டிஸ்கிலும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது இரண்டில்தான்: எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை.

சரியாக இந்த நேரத்தில்தான் உருளைகள் உப்பத் தொடங்கின.

அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பது எளிய பொருள். மெல்லிய அலுமினியத் தாள்கள், நடுவே காகிதம், காகிதத்தில் ஊறிய ஒரு திரவம். தாளின் மேல் படிந்த ஆக்சைடுப் படலம்தான் வேலை செய்வது. திரவத்தில் தண்ணீர் அதிகமானால் மின் செயல்திறன் கூடும், விலை குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதைத் தடுக்க வேதிப்பொருட்கள் சேர்க்க வேண்டும். 2002இன் இறுதியில் தொழில் இதழ்களில் ஒரு செய்தி பரவியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றிலிருந்து விலகிய விஞ்ஞானி சீனாவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து அதே மாதிரித் திரவத்தைச் செய்தார், அவரோடு வேலை பார்த்தவர்கள் அந்தச் சூத்திரத்தைத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள், கொண்டுபோனது முழுமையான சூத்திரம் இல்லை, அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் விட்டுப்போயிற்று என்பது செய்தி. திருட்டுக் கதை என்பதால் இது நன்றாகப் பரவியது. மருந்துச் சுவடியில் கடைசி வரியைக் கிழித்து வைத்துக்கொண்ட வைத்தியர் கதை நமக்குப் புதிதில்லையே. கதையின் எல்லாக் கண்ணிகளும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபணமானது விளைவு மட்டும்: தைவானியக் கெப்பாசிட்டர்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடுவதற்குப் பதில் சில மாதங்களில் உப்பின, வெடித்தன, வழிந்தன. பிரச்சினையை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட போர்டு நிறுவனம் அபிட். அமெரிக்காவில் அதன் மேல் வழக்கும் வந்தது. 2008 முடிவில் அந்த பிராண்டே மூடப்பட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் 'மலிவு சரக்கு அப்படித்தான்' என்று முடித்துவிடலாம். டெல் நிறுவனத்தின் கதை அதற்கு இடம் தராது. ஆப்டிப்ளெக்ஸ் என்ற அதன் அலுவலகக் கணினிகளில் இருந்தவை நிச்சிகான் என்ற பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் கெப்பாசிட்டர்கள். அவையும் உப்பின. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த ஆபத்து வளையத்தில் இருந்தன என்று பிறகு நீதிமன்ற ஆவணங்களில் தெரியவந்தது. 2005இல் இதைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2007இல் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் வழக்குப் போட்டது. 2010இல் ஆவணங்கள் வெளியே வந்தபோது, வாடிக்கையாளர் கேட்காதவரை இந்தப் பேச்சையே எடுக்காதே என்ற ரீதியில் விற்பனைப் பிரிவுக்குச் சொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. இதில் சிரிப்பு வரவழைக்கிற ஒரு விஷயமும் உண்டு. அந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய சட்ட நிறுவனத்திலேயே ஆயிரம் சந்தேகக் கணினிகள் இருந்தன. அவற்றைச் சரிசெய்து தரவும் டெல் தயங்கியதாம்.

ஆக, நல்ல பெயர் உள்ளவர்களின் போர்டும் செத்தது, பெயரில்லாதவர்களின் போர்டும் செத்தது. வித்தியாசம், செத்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான். டெல்லை வழக்குக்கு இழுக்க முடிந்தது, பணம் ஒதுக்க வைக்க முடிந்தது. மெர்குரியும் அதன் சகோதரர்களும் வாங்கியவர் யாரைப் போய்க் கேட்பது?

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வருவோம். கெப்பாசிட்டர் உருளையின் மேல் '105 டிகிரி' என்று எழுதியிருக்கும். சாதாரண ரகத்துக்கு அந்த வெப்பத்தில் 2,000 மணி நேர ஆயுள் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கிற தோராய விதி. உருளையைச் சுற்றி 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் எட்டரை வருடத்துக்கு மேல் வரும். ஏசி அறையில் இது நடக்கும். திருத்தணி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மே மாதம் தமிழ்நாட்டின் அதிக வெப்பப் பட்டியலில் அந்த ஊர் இல்லாத வருடம் அபூர்வம். வெளியே 42 டிகிரி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தூசி அடைத்த விசிறி. உருளையைச் சுற்றி 85 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் 8,000 மணி நேரம். அதே பத்து மணி நேரக் கணக்கில் இரண்டு வருடம் இரண்டு மாதம். வருடம் முழுக்க 42 டிகிரி இருப்பதில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மூன்று வருட வாரண்டி முடிகிற சமயத்தில் போர்டு மண்டையைப் போடுவதில் சதி எதுவும் தேவையில்லை. பெருக்கல் வாய்ப்பாடு போதும். இதுவும் நல்ல கெப்பாசிட்டருக்கான கணக்கு.

கரண்ட் கதை தனி. 2012இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் போர்டுக்கு ஆபத்து. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பில், கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும் போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும்; பட்டனைத் தொட்டதும் உயிர் வருவது அதனால்தான். சுவரில் சுவிட்சை அணைக்காதவரை 'ஆஃப்' ஆன கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. இடி மழை ராத்திரியில் யாரும் தொடாத போர்டு விடிந்தால் செத்துக் கிடப்பது இப்படித்தான். எர்த் இல்லாத வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். அது பேய் இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் போக இடமில்லாமல் தகட்டுக்கு அனுப்பும் கசிவு.

கும்மிடிப்பூண்டியில் எந்தப் பொருள் பழுதானாலும் "கம்பெனிக் கரண்டுதான் காரணம்" என்பார்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் இண்டக்ஷன் உலைகளும் ரோலிங் மில்களும் அங்கே நிறைய. இத்தகைய உலைகள் மின் அலையின் வடிவத்தைக் கெடுக்கும், வோல்டேஜைக் குலுக்கும் என்பது பொறியியல் உண்மை. ஆனால் பெரிய உலைகளுக்குத் தனி உயரழுத்த இணைப்பு இருக்கும். வீட்டு போர்டு போனதற்கெல்லாம் உலையைக் காரணம் சொல்வது பாதி உண்மை என்பது என் எண்ணம். மீதிப் பாதி வீட்டு வயரிங்.

உலைக்கு உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் விஷயம் வேறு. எடை மேடை கேபினைப் பாருங்கள். லாரி ஏறியதும் மேடையின் எடைக் கருவி பழைய சீரியல் போர்ட் வழியாக எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கேபினில் இரும்புத் தூசி, ஆயில், பக்கத்தில் எரியும் எரிபொருளின் புகை, பழவேற்காடு பக்கமிருந்து வரும் உப்புக்காற்று. 24 மணி நேரம் ஓட வேண்டும். இரும்புத் தூசி மின்சாரத்தைக் கடத்தும். போர்டின் மேல் படிந்தால் இரண்டு கால்களை ஒன்றாக்கிவிடும். கந்தக வாயு வெள்ளியையும் செம்பையும் அரிக்கும். 2006இல் ஐரோப்பா ஈயத்தைத் தடைசெய்த பிறகு போர்டு செய்பவர்கள் பூச்சு முறைகளை மாற்றினார்கள். வெள்ளிப் பூச்சுள்ள போர்டுகள் கந்தகக் காற்றில் ஊர்ந்து பரவும் அரிப்புக்கு ஆளாவது அதன் பிறகுதான் உலகளவில் பேசப்பட்டது. எடை மேடைக்காரர்கள் இந்த ஆய்வுகளைப் படித்ததில்லை. போர்டு வாங்கும்போது ஒன்றுதான் கேட்பார்கள்: "காம் போர்ட் இருக்கா?" மற்றவர்கள் கழித்துப்போட்ட பழைய போர்டுகளுக்கு இவர்களிடம் மதிப்பு இருந்தது. போர்டு நின்றால் மேடை நிற்கும், மேடை நின்றால் லாரிகள் ரோடு வரை வரிசை கட்டும். அவர்களிடம் போய் "சர்வீஸுக்கு அனுப்பி இருபது நாளில் வரும்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த இருபது நாள்தான் வாரண்டியின் உண்மையான வடிவம். பில்லில் 'மூன்று வருடம்' என்று இருக்கும். அதன் பின்பக்கம் ஒரு பட்டியல்: எரிந்திருந்தால் கிடையாது, ட்ராக் அறுந்திருந்தால் கிடையாது, ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கிடையாது, துரு இருந்தால் கிடையாது, சாக்கெட் பின் வளைந்திருந்தால் கிடையாது. நம் மாவட்டத்தில் ஒரு போர்டு சாகக்கூடிய வழிகளை எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதினது மாதிரி இருக்கும்.

அந்தக் கடைசி நிபந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 வரை பின்கள் ப்ராசஸரின் அடியில் இருந்தன. வளைந்தால் ப்ராசஸர் கம்பெனியின் தலைவலி. அந்த வருடம் இன்டெல் எல்ஜிஏ 775 சாக்கெட்டைக் கொண்டுவந்தது. பின்கள் போர்டுக்கு இடம் மாறின. தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வளைந்த பின் என்ற இழப்பும் கூடவே இடம் மாறியது: ப்ராசஸர் கம்பெனியிலிருந்து போர்டு கம்பெனிக்கு, அங்கிருந்து 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்ற சொல் வழியாக வாங்கியவருக்கு. ஏஎம்டி தன் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் இதே மாற்றத்தைச் செய்ய 2022 வரை ஆனது.

ஆரம்பாக்கத்தில் இருப்பவர் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போகிறார். கடைக்காரர் டிஸ்ட்ரிபியூட்டரிடம் அனுப்புகிறார். அவர் சர்வீஸ் சென்டருக்கு. திரும்ப வருவது பெரும்பாலும் அவருடைய போர்டு இல்லை. யாரோ கொடுத்து, பழுது பார்க்கப்பட்ட இன்னொன்று. இரண்டு முறை போய்வர இரண்டு நாள் கூலி, ரயில், சாப்பாடு. மலிவு போர்டின் விலையில் அது கணிசமான பங்கு. "விடுப்பா, புதுசாவே வாங்கிடலாம்" என்று ஜனங்கள் முடிவெடுத்ததில் சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு விற்பவருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 'வாரண்டி' என்பது ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்குத் துணையான வாக்குறுதி. மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வராது. அதைவிட வலுவானது 'நிபந்தனை'. பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் இருக்கும் நிபந்தனை. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றைச் சேர்த்தது: முறையான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. 42 டிகிரியில் யாராவது சோதித்தார்களா என்று கேட்க இதில் இடம் இருந்தது. ஆனால் பழைய சட்டப்படி வழக்கை எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை உருவான ஊரிலோதான் போட முடியும். மும்பையில் அலுவலகம், ரிச்சி தெருவில் கடை என்றால் ஆரம்பாக்கத்துக்காரர் அலைய வேண்டியதுதான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கும்மிடிப்பூண்டிக்காரருக்கு இது பெரிய விஷயம். திருவள்ளூர் ஆணையத்துக்கு ரயிலில் போவதென்றால்கூடச் சென்னைக்கு வந்து வேறு லைனுக்கு மாற வேண்டும். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

ஸ்டிக்கர் விஷயத்தில் அமெரிக்கா நம்மைவிட ஒரு படி முன்னே இருக்கிறது. 'கிழித்தால் வாரண்டி போச்சு' என்று ஒட்டுவது அங்கே 1975ஆம் ஆண்டின் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்று 2024 ஜூலையில் வர்த்தக ஆணையம் எச்சரித்த நிறுவனங்களில் ஏஎஸ்ராக்கும் கிகாபைட்டும் உண்டு. அதே ஸ்டிக்கர்கள் இங்கே இன்றும் கறாராகப் பரிசோதிக்கப்படுகின்றன.

2007, 2008 வாக்கில் திரவம் இல்லாத சாலிட் கெப்பாசிட்டர்கள் நடுத்தர விலைப் போர்டுகளுக்கும் வந்தன. கிகாபைட் அதையே விளம்பரமாக்கியது. உப்பும் நோய் மெல்ல அடங்கியது. மூன்று வருட வாரண்டிக்குப் பெயர்வாங்கிய இன்டெல், 2013 ஜனவரியில் டெஸ்க்டாப் மதர்போர்டுத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஜி31, ஜி41 இன்டெல் போர்டுகளை 'பாறை மாதிரி' என்று சொன்ன மெக்கானிக்குகளுக்கு அது ஒரு சாவுச் செய்தி.

அந்த இடத்தில் இன்று இருப்பது ஒரு விசித்திரமான சரக்கு. எச்61 என்பது 2011இல் வந்த இன்டெல் சிப்செட். இன்றும் அந்தப் பெயரில் 'புத்தம் புது' போர்டுகள் பெட்டியில் கிடைக்கின்றன. இன்டெல் அந்த சிப்பை எப்போதோ நிறுத்திவிட்டது. பழைய இருப்பும் பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்புகளும்தான் சீனத்து ஆலைகளில் புதுப் பலகையில் ஏறுகின்றன. அலுவலகங்கள் கழித்த டெல், எச்பி கணினிகளின் இரண்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர்களை மலிவாக வாங்கி அதில் பொருத்துகிறார்கள். கல்லூரிப் பிள்ளைக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, இ-சேவை மையத்துக்கு அது போதும். நான் இதைக் கேலி செய்யமாட்டேன். மின்கழிவாகப் போக வேண்டிய சிப் இன்னும் ஐந்து வருடம் ஆதார் அட்டை அச்சடித்தால் நல்லதுதான். சிக்கல், பெட்டியில் 'புதிது' என்று இருப்பது. பத்து வருடம் வேறு யாருக்கோ உழைத்த சிப்புக்குக் கொடுக்கப்படும் வாரண்டி எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி இருக்கிறதா என்றாவது பார்த்து வாங்கலாம்; வழக்கென்று வந்தால் அந்த முகவரிக்குத்தான் நோட்டீஸ் போகும்.

அப்புறம் பில். இப்போதெல்லாம் நிறையக் கடைகளில் தெர்மல் பேப்பரில்தான் பில் தருகிறார்கள். அது வெப்பத்தில் மங்கும் காகிதம். அலமாரியில் வைத்த பில் இரண்டு கோடைக்குள் வெள்ளைத் தாளாகிவிடும். பில் இல்லையென்றால் பல கம்பெனிகள் சீரியல் எண்ணை வைத்துப் போர்டு தயாரான தேதியிலிருந்து வாரண்டியை எண்ணத் தொடங்கும். குடோனில் தூங்கிய மாதங்கள் உங்கள் கணக்கில் கழியும். வாங்கிய அன்றே கடை வாசலில் நின்று பில்லையும் சீரியல் எண்ணையும் சாக்கெட்டின் பின்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.